உப்பிட்டவர் அளந்தாரா?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்களுக்கு மரக்காணம் என்பது இரண்டு நிமிடக் காட்சி. பேருந்து ஜன்னலுக்கு வெளியே கட்டம் கட்டமாகப் பாத்திகள், நடுநடுவே வெள்ளைக் குவியல்கள், கொளுத்தும் வெயிலில் பலகையால் உப்பு வாரும் ஆட்கள். கேமரா வைத்திருப்பவர்கள் இறங்கி நாலு படம் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் பாண்டிச்சேரி.

இந்தப் பாத்திகளுக்கும் மருத்துவத் துறையின் தேசியத் தரநிலைகளுக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது. மருத்துவத் தொழில்நுட்பம், தரநிலை, அங்கீகாரம் என்றெல்லாம் பேச்சு வந்தால் ஸ்கேன் மெஷினும் வென்டிலேட்டரும் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இந்தியாவில் ஏழை, பணக்காரர் வித்தியாசம் இல்லாமல் அதிக வீடுகளுக்குள் நுழைந்த மருத்துவத் தொழில்நுட்பங்களில் ஒன்று, அயோடின் கலந்த உப்பு. சீட்டு வேண்டாம், ஊசி வேண்டாம், டாக்டரும் வேண்டாம். குழம்பில் போட்டால் போதும். அதற்கு ஒரு தேசியத் தரநிலை உண்டு. அளந்து பார்க்க ஆய்வகம் உண்டு. அந்த ஆய்வகம் ஒழுங்காக அளக்கிறதா என்று பார்க்க இன்னொரு அமைப்பும் உண்டு. இந்தச் சங்கிலி உப்பு விளைகிற ஊர்ப் பக்கம் வந்தால்தான் தொய்ந்துபோகிறது.

முதலில் ஊரைப் பற்றி. விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையில் இருக்கிறது மரக்காணம். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளங்கள். தை, மாசியில் தொடங்கினால் மழைக்காலம் வரை வேலை நடக்கும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்திகள் மூழ்கிவிடும், அப்புறம் அடுத்த வருஷம்தான். இந்த ஊர் பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உப்பளங்கள் பற்றிய குறிப்புகள் உண்டு. ஆயிரம் வருஷத் தொழில் என்று சும்மா சொல்லவில்லை!

உப்பு எடுப்பதே ஓர் அளவு வேலைதான். உப்புநீரின் அடர்த்தியைப் போமே அளவுகோலில் 'டிகிரி'யாகப் பார்ப்பார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரி. அது காய்ந்து காய்ந்து 25 டிகிரியை ஒட்டி வரும்போது உப்பு படிய ஆரம்பிக்கும். 29, 30 என்று ஏறவிட்டால் மெக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசந்துவிடும், அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். இது கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிகிற விஷயம். அயோடினுக்கு ருசியும் இல்லை, இந்த அளவில் நிறமும் இல்லை. சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

"கடல் உப்புதானே, அதில் அயோடின் தானாகவே இருக்காதா?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அயோடினோ சுமார் 0.06 மில்லிகிராம்தான். அந்த அயோடின் ஒரு துளிகூட வீணாகாமல் உப்போடு ஒட்டிக்கொண்டது என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோ உப்பில் 2 மில்லிகிராம்கூடத் தேறாது. உண்மையில் பெரும்பகுதி வடித்துவிடும் நீரோடு போய்விடும். கடையில் விற்கும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதாவது 15 பிபிஎம், பத்து லட்சத்தில் பதினைந்து பங்கு. ஆக, கடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் அயோடின் கிடைத்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை. கழுத்து வீங்கும் நோய் இமயமலைக்காரர்களுக்கு மட்டும் வருவது என்பதும் அப்படித்தான்.

அந்த 15 எங்கிருந்து வந்தது? வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் 10 கிராம் உப்பு சாப்பிடுகிற ஒருவருக்கு, உப்பில் 15 பிபிஎம் இருந்தால் சரியாக 150 வந்துவிடும். கர்ப்பிணிக்கு 250 வேண்டும். வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு ஹார்மோன் அவசியம், அந்த ஹார்மோனைச் செய்ய அயோடின் அவசியம். கழுத்து வீக்கம் வெளியே தெரியும். பிள்ளை வகுப்பில் மந்தமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எந்த வீட்டில் யோசிப்பார்கள்? "படிப்பு ஏறல" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

இந்தியாவில் இது நிரூபணமானது இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில். 1956இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் அந்தப் பள்ளத்தாக்கைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் மற்றப் பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் கொடுத்தார்கள். சில வருஷங்களில் அயோடின் உப்புப் போன இடங்களில் வீக்கம் கண்கூடாகக் குறைந்தது. 1962இல் தேசியக் கழலை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1992இல் அதன் பெயரே அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று மாறியது, கழலை மட்டும் பிரச்சினை இல்லை என்று புரிந்துபோனதால். 1986லிருந்து நாடு முழுவதும் படிப்படியாக எல்லா உண்ணும் உப்பிலும் அயோடின் என்பது கொள்கையானது.

சட்டத்தின் கதை வேறு மாதிரி. அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்கக் கூடாது என்று மத்திய அரசு 1998 மே மாதம் தடை போட்டது. 2000 செப்டம்பரில், எதைச் சாப்பிடுவது என்பது மக்களின் விருப்பம் என்று அதை எடுத்தது. 2006 மே மாதம் மறுபடி போட்டது. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கலப்படத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இப்படி ஒரு விதி போட அதிகாரமில்லை என்று சொல்லி, ஆறு மாத அவகாசம் கொடுத்தது. அடுத்த மாதமே நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒழுங்குமுறைகளில் அந்தத் தடை உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் அதுதான் சட்டம். உப்பு மூட்டை சுமப்பவர்கூட இத்தனை முறை தோள் மாற்றியிருக்க மாட்டார்.

தடையை எதிர்த்தவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. 1930இல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் உப்பு எடுத்துச் சிறை போன நாடு இது. "என் பாத்தியில் விளைந்த உப்பை விற்க அரசாங்கம் சொல்லும் மருந்தைக் கலக்க வேண்டுமா?" என்ற கேள்விக்கு இங்கே ஒரு தனிக் கனம் உண்டு. பெரிய கம்பெனிகளுக்குத்தான் இதனால் லாபம் என்ற சந்தேகமும் சிறு உற்பத்தியாளர்களுக்கு இருந்தது. நியாயமான சந்தேகம்தான். ஆனால் பழைய பழக்கத்துக்கு விலை கொடுப்பது வயிற்றில் இருக்கிற குழந்தை. அதனிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லையே!

சரி, கலப்பது அவ்வளவு கஷ்டமா? ஒரு டன் உப்பில் 30 பிபிஎம் வர வேண்டுமானால் (உற்பத்தி செய்யும் இடத்துக்கு நெடுங்காலம் இருந்த அளவு அதுதான்) பொட்டாசியம் அயோடேட் சுமார் 50 கிராம் போதும். ஆயிரம் கிலோவுக்கு ஐம்பது கிராம்! அதைத் தண்ணீரில் கரைத்து, ஓடும் பெல்ட்டில் போகிற உப்பின் மேல் தெளித்து, திருகுக் கலவையில் புரட்டி எடுப்பார்கள். மேலை நாடுகளில் அயோடைடு சேர்ப்பதுண்டு. நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும், சுத்திகரிக்காத உப்புக்கும் அது தாங்காது, ஆவியாகிப் போய்விடும். அதனால்தான் அயோடேட்.

இருந்தாலும் கல்லுப்பில் சமமாகப் பரவுவது எளிதில்லை. தூள் உப்பு என்றால் சரி, பட்டாணி அளவுக் கல்லில் மேல்தோலில் மட்டும் ஒட்டும். ஒரு மூட்டையின் மேலிருந்து எடுத்தால் 40 வரும், அடியிலிருந்து எடுத்தால் 10 வரும். மூட்டையைத் திறந்துபோட்டு, மழைக்காலத்தில் ஈரம் கசிந்தால் இன்னும் இறங்கும். உற்பத்தி இடத்தில் 30, கடையில் 15 என்று இரண்டு அளவு வைத்ததற்குக் காரணம் வழியில் நடக்கும் இந்த இழப்புதான். இந்தியத் தரநிலைகள் அமைப்பின் ஐ.எஸ். 7224 என்ற தரநிலை அயோடின் உப்புக்கென்றே இருக்கிறது.

இப்போது ஒரு சங்கடமான எண். 2018-19இல் நாடு தழுவிய அயோடின் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. வீடுகளில் இருந்த உப்பையே எடுத்துச் சோதித்தார்கள். 15 பிபிஎம்முக்குக் குறையாத உப்பு இருந்த வீடுகள் இந்திய அளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். கடைசி வரிசை! பக்கத்தில் நின்றவை ஆந்திரா, ராஜஸ்தான், ஒடிசா, ஜார்க்கண்ட். ஜார்க்கண்டைத் தவிர மற்ற மூன்றும் உப்பு விளைகிற மாநிலங்கள். உப்பே விளையாத காஷ்மீரும் நாகாலாந்தும் 99 சதவீதத்துக்கு மேல்.

ஏன் இப்படி? தொலைதூர மாநிலங்களுக்கு உப்பு ரயிலில் போனது. ரயிலில் ஏற்றும் உப்புக்கு உப்பு ஆணையர் அலுவலகத்தின் சோதனை இருந்தது. அயோடின் இல்லையென்றால் வண்டி ஏறாது. உள்ளூருக்குப் போகிற உப்பு லாரியிலும் டெம்போவிலும் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் போனது. அதை யார் நிறுத்திச் சோதிப்பது? உப்பு விளையும் ஊர்களில் பாத்தி உப்பே அடுப்படிக்குப் போவதும் புதிதில்லை. தூரத்து நாகாலாந்துக் குழந்தைக்குக் கிடைத்த பாதுகாப்பு, பாத்திக்கு நாலு தெரு தள்ளிப் பிறந்த குழந்தைக்குக் கிடைப்பது சந்தேகமானது இப்படித்தான்.

சட்டத்திலும் ஒரு பெரிய வாசல் திறந்தே இருக்கிறது. அயோடின் சேர்க்காத உப்பைக் கால்நடைக்கும், பதப்படுத்தவும், தொழிற்சாலைக்கும் விற்கலாம், மூட்டையில் அப்படி எழுதியிருக்க வேண்டும். நியாயம்தான். தோல் பதனிடவும் கருவாடு போடவும் அயோடின் எதற்கு? ஆனால் மூட்டை மேல் எழுதியது மூட்டையோடு நின்றுவிடுகிறது. பிரித்துப் படியில் அளந்து விற்கும்போது, "ஊறுகாய்க்கா அக்கா, குழம்புக்கா?" என்று கேட்டு உப்புப் போடுகிற கடைக்காரரை எங்கே போய்த் தேடுவது?

இனி அளக்கும் விஷயம். கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் பயன்படுத்துவது ஒரு சின்னக் குப்பி. சென்னையில் தயாரான எம்.பி.ஐ. கிட் இந்த வகையில் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. உப்பில் ஒரு சொட்டு விட்டால் நீலம் வரும், அட்டையில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிட்டு 0, 7, 15, 30 என்று சொல்ல வேண்டும். ஒரு நிமிட வேலை, குழந்தைகளுக்குக் காட்டினால் வாயைப் பிளப்பார்கள். விழிப்புணர்வுக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. ஆனால் 7க்கும் 15க்கும் இடையே இருக்கும் நீலத்தை எந்தக் கண் பிரித்துச் சொல்லும்? அயோடின் இருக்கிறதா இல்லையா என்பதற்கு மட்டும் இதை நம்பலாம், எவ்வளவு என்பதற்கு நம்பக் கூடாது என்பதுதான் நிபுணர்களின் முடிவு.

எவ்வளவு என்று தெரிய டைட்ரேஷன் செய்ய வேண்டும். பிளஸ் டூ வேதியியல் லேபில் பிப்பெட்டும் பியூரெட்டும் பிடித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். உப்பைக் கரைத்து, அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்து, சற்று நேரம் இருட்டில் வைத்து, வெளிவந்த அயோடினைச் சோடியம் தயோசல்ஃபேட்டால் தீர்த்துக்கட்ட வேண்டும். ஸ்டார்ச் போட்டதும் கருநீலம். அந்த நீலம் சட்டென்று மறையும் சொட்டில் நிறுத்த வேண்டும். எளிமையானது, மலிவானது. ஆனால் தயோசல்ஃபேட் கரைசல் பழசானால் வீரியம் குறையும், அப்போது உப்பில் இருப்பதைவிட அதிக அயோடின் இருப்பதாகக் காட்டும். தராசு சற்றே பிசகினாலும் விடை மாறும். இரண்டு லேபில் இரண்டு விடை வந்தால் எது சரி?

அங்கீகாரம் என்ற சொல்லுக்கு உயிர் வருவது இந்தக் கேள்வியில்தான். என்.ஏ.பி.எல். என்ற தேசிய அங்கீகார வாரியம் 1988இல் தொடங்கியது. சோதனை ஆய்வகங்களை அது ஐ.எஸ்.ஓ. 17025 என்ற சர்வதேசத் தரத்தை வைத்து எடை போடுகிறது. தராசைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள், அந்தச் சரிபார்ப்பு தேசிய அளவுத் தரம் வரை போகிறதா, கரைசலை எப்போது தயாரித்தீர்கள், ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பினால் உங்கள் விடை மற்றவர்களோடு ஒத்துப்போகிறதா, விடையில் எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்களா... இப்படிக் குடைந்து எடுப்பார்கள். கட்டிடத்துக்கு மொத்தமாக ஒரு சான்றிதழ் கிடைக்காது, எந்தெந்தச் சோதனைக்கு என்று பட்டியல் போட்டுத்தான் கிடைக்கும். பலருக்கு இது தெரியாது. வாசலில் முத்திரையைப் பார்த்ததும் உள்ளே எல்லாமே சரி என்று நினைத்துவிடுகிறார்கள். மருத்துவ ஆய்வகங்களுக்கு இதே வாரியம் ஐ.எஸ்.ஓ. 15189 தரத்தைப் பார்க்கிறது. உப்பில் அயோடின் குறைந்ததா என்று ஒரு ஆய்வகம் சொல்ல, உடம்பில் தைராய்டு குறைந்ததா என்று இன்னொரு ஆய்வகம் சொல்ல, இரண்டின் பின்னாலும் ஒரே வாரியம் நிற்கிறது.

இதெல்லாம் நம் ஊர் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் சி.டி.சி. 2001லிருந்து ஈக்விப் என்று ஒரு திட்டம் நடத்தியது. பல நாட்டு ஆய்வகங்களுக்குச் சிறுநீர் மாதிரிகளை அனுப்பி, அயோடினைச் சரியாக அளக்கிறார்களா என்று பார்ப்பதுதான் வேலை. அளவே தப்பென்றால் ஒரு நாட்டின் திட்டமே தப்பாகப் போகும்.

ஒரு சிறு உற்பத்தியாளரின் பாக்கெட்டை உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடையிலிருந்து எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து முத்திரை வைக்க வேண்டும். ஒரு பங்கு அரசு உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். பதினான்கு நாளில் அறிக்கை வர வேண்டும். இரண்டு பங்கு மாவட்ட நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவது பங்கு? உணவு வணிகர் கேட்டால், அதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு விடையும் வேறுபட்டால் மேல்நிலை ஆய்வகம் சொல்வதே முடிவு. தரக்குறைவு என்று தீர்மானமானால் அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை போகலாம். கலவை இயந்திரத்துக்கே கடன் வாங்கியவருக்கு அது என்ன தொகை என்று சொல்ல வேண்டியதில்லை.

விடை 14.6 என்று வருகிறது. தரநிலையோ 15. அந்த ஆய்வகத்தின் தராசும் கரைசலும் சரியாக இருந்தனவா, அந்த 14.6இல் கூடக்குறைய எவ்வளவு என்று கேட்கும் உரிமை அந்த நான்காவது பங்கில்தான் இருக்கிறது. தரநிலை என்றால் சின்ன ஆளை மிதிக்க வரும் பூட்ஸ் கால் என்று உப்பளக்காரர்கள் பயப்படுகிறார்கள். ஆனால் அங்கீகாரம் என்பது அதிகாரியின் ஆய்வகத்தையும் கேள்வி கேட்க ஒரு வழி. அதை யார் அவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள்? கேட்க வேண்டியது மாதிரி எடுக்கும்போதே. செலவும் கேட்டவர் தலையில். படிவத்தில் கையெழுத்துப் போடும் அவசரத்தில் எத்தனை பேர் நான்காவது பங்கைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்?

சிறு உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் தனித்தனியாக லேப் வைக்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு கலவை இயந்திரம், ஒரு பியூரெட், சொல்லிக்கொடுத்த ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் விடையை மாதம் ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிளஸ் டூவில் வேதியியல் படித்துவிட்டு உப்பள வேலைக்கே திரும்பி வந்த பிள்ளைகள் அந்தப் பக்கத்திலேயே இருப்பார்கள். நீலம் மறையும் சொட்டை அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவர்கள். மழைக்கு முன் குவியல்களை மூடி வைக்கும் நேரத்தில், எந்தக் குவியல் தோலுக்குப் போகிறது, எது கருவாட்டுக்கு, எது பக்கத்துத் தெரு அடுப்படிக்கு என்று அவர்களால் பெயர் எழுதி ஒட்ட முடியும்.